கணினியின் குறிப்பேடும் அதன் காவலும்

ஒன்றனை அளந்து குறித்தல் ஒரு தொழில்; குறித்ததனை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தல் பிறிதொரு தொழில். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் கேட்டினையும், பிரித்து வைப்பதால் விளையும் பயனையும் கணினித்துறையிலிருந்து எடுத்துக்காட்டி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினி பயின்றோர்க்கே உரிய பொருள் இஃது எனக் கருதி ஏனையோர் இப்பக்கங்களைக் கடந்து செல்ல வேண்டா. வரவு இடாப்பு எழுதிய ஆசிரியரும், பேரேடு காத்த எழுதுவினைஞரும், பதிவுத் தபாலிற் கடிதம் விடுத்த எவரும் இப்பொருளிற் பாதியை முன்னரே அறிவர். எஞ்சிய பாதியை எளிய முறையிற் கூற முயல்வோம்.

இன்று பாடசாலை, வைத்தியசாலை, வங்கி, தபாற்கந்தோர் ஆகிய எவ்விடத்தும் கணினிகள் இயங்குகின்றன. அவற்றுள், ஏனைய கணினிகளுக்கு வேண்டிய கோப்புகளையும் தகவல்களையும் இரவு பகலாக வழங்கிக்கொண்டிருப்பதனை வழங்கி என்பர். நோயாளியின் நாடியையும் உடல் வெப்பத்தையும் தாதியர் நேரந்தோறும் பார்த்து அட்டையிற் குறிப்பது போல, வழங்கியின் நலத்தையும் இடையறாது அளந்து குறித்தல் வேண்டும். அதன் வேலைச்சுமை எவ்வளவு, வன்தட்டில் எஞ்சிய இடம் எவ்வளவு, நினைவகத்தில் எவ்வளவு நிரம்பியுள்ளது, உள்வெப்பம் எத்தனை பாகை என்பன அவ்வளவைகளுட் சில. இவற்றை நிமிடத்துக்கொருமுறை எடுத்து, வேறோரிடத்திலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்கு வலையமைப்பின் வழியே அனுப்புவர். அந்நிலையம் அவற்றை வரைபாக வரைந்து காட்டும். ஓரளவை எல்லை கடக்குமாயின் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை விடுக்கும்.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அளந்தவுடன் அனுப்பி, அனுப்பியவுடன் மறந்துவிடும் அமைப்பில், வலையமைப்பு அறுந்திருக்கும் வேளையில் எடுத்த அளவைகள் யாவும் காற்றிற் கரைந்துபோகின்றன. சில நிமிட அளவைகள் போனால் என்ன என்று கேட்பார் உளர். போவன எந்த நிமிடங்கள் என்பதே இங்கு எழும் வினா.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததனை யாவரும் அறிவோம். அத்தகைய நாளொன்றில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். மின்சாரம் நின்றதும் குளிரூட்டி நிற்கின்றது, மின்விசிறியும் நிற்கின்றது. மின்கலப் பெட்டியோடு இணைத்த வழங்கி மட்டும் சிறிது நேரம் ஓடுகின்றது. வெளியுலகோடு அதனை இணைக்கும் வழிப்படுத்திப் பெட்டி மின்கலத்தோடு இணைக்கப்படாமையால் உடனே அணைந்துவிடுகின்றது. மூடிய அறையில் வெப்பம் ஏறுகின்றது. வழங்கி தன் வெப்பத்தை ஒழுங்காக அளக்கின்றது. ஆயின் அனுப்ப வழியில்லை. மின்கலம் ஓய்ந்ததும் அதுவும் அணைகின்றது. மறுநாள் வன்தட்டுப் பழுதுபட்டிருப்பது தெரியவருகின்றது. பழுதுக்குக் காரணம் வெப்பமா, மின்சாரம் திடீரென நின்றமையா, தட்டின் மூப்பா என்று ஆராயப் புகுவோர் வரைபைத் திறந்து பார்த்தால், மின்வெட்டுத் தொடங்கிய கணம் வரை செம்மையாகச் சென்ற கோடு அங்கே அறுந்து கிடக்கின்றது. வேண்டிய பக்கம் மட்டும் கிழிந்துபோன ஏடு போன்றது அது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்று. அளவைகள் தற்செயலாக அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தொலைந்தனவல்ல. எக்காரணம் துன்பத்தை விளைத்ததோ அதே காரணமே செய்தி செல்லும் வழியையும் அடைத்தது. ஆகவே, நலமான வேளையின் அளவைகள் எல்லாம் வந்து சேரும். நலங்கெட்ட வேளையின் அளவைகளே தொலையும். அங்ஙனம் எஞ்சிய ஏடு உண்மையிலும் இனிதாகவே தோன்றும்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். பத்து முறை வெப்பம் அளந்தோம் என வைத்துக்கொள்வோம். முதல் ஆறு முறையும் 30 பாகை. வழி அறுந்தபின் எடுத்த நான்கு முறையும் 38 பாகை. பத்தும் சேர்ந்திருப்பின் சராசரி 33.2 பாகை. பின்னைய நான்கும் தொலைந்தமையால் நிலையம் காட்டும் சராசரி 30 பாகை. தொலைந்த இடங்களிற் பூச்சியம் இட்டு நிரப்பும் அமைப்பாயின், சராசரி 18 பாகை என வரும். வெந்துகொண்டிருந்த அறை குளிர்ந்திருந்ததென ஏடு சான்று பகரும். வரவு இடாப்பிற் குறியிடாமல் விட்ட கட்டமும், வரவில்லை எனக் குறித்த கட்டமும் ஒன்றல்ல என்பதனை மாணவரும் அறிவர். முன்னையது அறியாமை, பின்னையது அறிவு. அறியாமையை அறிவுபோற் காட்டும் ஏடு, ஏடே இல்லாமையினும் தீதாகும்.

இதற்குரிய மாற்று யாது? அளந்ததனை முதலில் அவ்விடத்திலேயே, அளந்த நேரத்தோடு எழுதிவைத்தல். வழி திறந்தபோது அனுப்புதல். பெற்றோம் என்ற மறுமொழி வந்த பின்னரே எழுதியதனை அழித்தல். இம்மூன்றுமே முறையின் முழு உருவம். இடையிற் சேமித்துப் பின் அனுப்புதல் எனச் சுருங்கக் கூறலாம்.

இம்முறை புதியதன்று. இன்றைய இணையத்தின் மூதாதையாகிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு 1969 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நான்கு நிலையங்களோடு தொடங்கியபோது, ஒவ்வோரிடத்தும் செய்திப் பொதிகளைக் கைமாற்றுதற்கெனத் தனிக் கணினியொன்று வைக்கப்பட்டது. அது தான் அனுப்பிய பொதியின் படியைத் தன்னிடத்தே வைத்திருந்து, அடுத்த கணினியிடமிருந்து பெற்றமைக்கு மறுமொழி வந்த பின்னரே அதனைக் கைவிட்டது. மறுமொழி வராதாயின் மீண்டும் அனுப்பியது. இன்று நாம் எழுதும் மின்னஞ்சலும் அவ்வாறே செல்கின்றது. பெறும் வழங்கி ஏற்றேன் என மறுமொழி கூறும்வரை அனுப்பும் வழங்கியே அக்கடிதத்துக்குப் பொறுப்பாகும். உடனே சேர்க்க முடியாத அஞ்சலை நான்கைந்து நாளேனும் வைத்திருந்து மீள மீள முயலவேண்டும் என்பது அதன் விதி.

இம்முறையின் அருமையை விண்வெளியிற் காண்பார்க்கு அது நன்கு புலனாகும். 2006 ஆம் ஆண்டு சனவரி 19 ஆந் திகதி ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் என்னும் ஆய்வுகலம், 2015 ஆம் ஆண்டு யூலை 14 ஆந் திகதி புளூட்டோவை ஏறத்தாழ 12,500 கிலோமீற்றர் அண்மையிற் கடந்தது. அக்கலத்தின் அலைவாங்கி உடலோடு அசையாது பொருத்தப்பட்டதாகையால், கருவிகளைப் புளூட்டோவை நோக்கித் திருப்பியபோது பூமியோடு பேச இயலவில்லை. காணுதலும் கூறுதலும் ஒருங்கே நிகழ முடியாத நிலையது. ஆகவே கண்டன யாவற்றையும் தன்னகத்துள்ள பதிகருவியில் எழுதிவைத்து, பின்னர் ஆறுதலாக அனுப்பியது. வானொலி அலை பூமியை வந்தடைய ஏறத்தாழ நாலரை மணித்தியாலமாயிற்று. செக்கனுக்கு ஓரிரு ஆயிரம் துணுக்குகளே அனுப்ப முடிந்தது. கடைசித் தகவல் வந்து சேர்ந்தது 2016 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதி. அதாவது பதினைந்து மாதங்களின் பின்னர். யாவும் வந்தனவா எனச் சரிபார்த்த பின்னரே பதிகருவிகளை அழிப்பதென நிலத்திலிருந்தோர் வகுத்திருந்தனர். புளூட்டோவின் மலைகளைப் படமெடுத்த கலத்துக்கும், கல்லூரி அறையின் வெப்பத்தை அளக்கும் வழங்கிக்கும் விதி ஒன்றே.

இனி, இதனை ஒரு வழங்கியில் எளிதாகச் செய்தற்குரிய கருவியைக் கூறுவோம். யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் படைக்கத் தொடங்கினர். அதன் வழியைப் பின்பற்றி 1991 இல் லைனஸ் தோவால்ட்ஸ் தொடங்கியதே லினக்ஸ். இம்முறைமைகளிற் கணினியின் கருவை மூடிநிற்கும் ஓடு போல அமைந்து, நாம் எழுதும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் பகுதிக்கு ஓடு என்னும் பொருள்பட ஷெல் எனப் பெயரிட்டனர். ஸ்ரீபன் போண் என்பார் ஆக்கிய ஷெல் 1979 இல் வெளிவந்தது. பிறையன் பொக்ஸ் ஆக்கிய பாஷ் 1989 இல் வெளிவந்தது. கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டாமல் ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால், ஷெல் அவற்றைத் தானே ஒன்றன்பின் ஒன்றாய் நிறைவேற்றும். அக்கோப்பே ஷெல் கட்டளைத்தொடர். நாம் கூறிய பணிக்கு நூறு வரியளவான கட்டளைத்தொடர் போதியது. பொருள் கொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை.

கட்டளைத்தொடரை இரண்டாகப் பிரித்து எழுதுதல் வேண்டும். ஒன்றனை எழுதுவோன் என்றும், மற்றையதனை அனுப்புவோன் என்றும் அழைப்போம். இருவரையும் ஒருவராக்கினால், வழி அடைபட்டு அனுப்புதல் தாமதிக்கும்போது அளத்தலும் தடைப்படும். கடிதம் எழுதுபவரே தபாற்காரருமாயின், பாலம் உடைந்த அன்று கடிதமும் எழுதப்படாமற் போகும்.

எழுதுவோனைக் குரொன் என்னும் நேரங்காட்டும் ஏவலாளன் நிமிடத்துக்கொருமுறை எழுப்புவான். எழுந்தவன் முதலில் நேரத்தைப் பார்ப்பான். பின்னர் அளவைகளை எடுப்பான். லினக்ஸில் இவையெல்லாம் எளிய கோப்புகளைப் படிப்பது போலவே கிடைக்கின்றன. வேலைச்சுமைக்குரிய கோப்பில், கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிகள் முதல் மூன்று எண்களாக நிற்கும். வெப்பத்துக்குரிய கோப்பிற் பாகை ஆயிரம் மடங்காக்கப்பட்டு நிற்குமாதலால், 42000 எனக் காணின் 42 பாகை எனக் கொள்ளவேண்டும். ஒவ்வோர் அளவையையும் பெயர், மதிப்பு, நேரம் என்னும் மூன்றுறுப்பும் உடைய ஒரு வரியாக அவன் எழுதுவான். அவ்வரியைத் தமிழிற் காட்டினால் இவ்வாறு அமையும்:

வழங்கி.வெப்பம் 38 1700000000

மூன்றாவது உறுப்பு நேரமுத்திரை. 1970 ஆம் ஆண்டு சனவரி 1 ஆந் திகதி சர்வதேச நேரம் நள்ளிரவு தொடங்கிக் கழிந்த செக்கன்களின் எண்ணிக்கை அது. மேற்காட்டிய எண் 2023 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆந் திகதி இலங்கை நேரம் அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 செக்கனைக் குறிக்கும். இம்முத்திரை இல்லையெனின் சேமித்து அனுப்புதலே பொருளற்றதாகும். எட்டு மணித்தியாலம் கழித்து வரும் அளவையை நிலையம் இப்போது எடுத்ததாகக் கொண்டுவிடும். கடிதத்தில் எழுதிய திகதியே கடிதத்தின் திகதி. தபாற்காரர் கொண்டுவந்த திகதியன்று.

எழுதுவோன் இவ்வரியைச் சேமிப்புக் கோப்பின் இறுதியிற் சேர்த்தல் வேண்டும். ஷெல்லில் இதற்கு ‘>>’ என்னும் இரட்டைக் குறியை இடுவர். ‘>’ என ஒற்றைக் குறி இட்டால் பழையது முழுவதும் அழிந்து புதிய வரி மட்டும் எஞ்சும். ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே பொருள் மாறுவது போல, இங்கு ஒரு கோட்டால் ஏடே மாறும். அளவையைப் படிக்க முடியாதபோது வரியை எழுதாமலே விடவேண்டும், பூச்சியம் எழுதலாகாது.

அக்கோப்பை வைக்கும் இடத்தையும் ஆராய்ந்து தெரிதல் வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கென உள்ள அடைவுகளை, கணினி மீளத் தொடங்கும்போது துடைத்துவிடும் அமைப்புகள் உண்டு. அனுப்பக் காத்திருக்கும் கோப்புகளுக்கெனவே லினக்ஸில் நிலையான அடைவொன்று வழக்கமாக உள்ளது. அஞ்சலும் அச்சுப்பணியும் காத்திருப்பது அவ்வகை இடத்திலேயே. அவ்விடமே தகும்.

இனி, அனுப்புவோன் செய்வனவற்றைக் கூறுவோம். அவன் முதலில் ஒரு பூட்டைப் பெறுதல் வேண்டும். முன்னர் எழுப்பிய அனுப்புவோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில் மற்றொருவனும் எழுந்து அதே கோப்பைக் கையாண்டால் குழப்பம் விளையும். அடுத்து, சேமிப்புக் கோப்பின் பெயரை மாற்றுவான். ஒரே கோப்பு முறைமைக்குள் நிகழும் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். பாதி மாறிய நிலை என்பது அதற்கில்லை. பெயர் மாறிய கோப்பு அனுப்புவோனுக்குரியது. எழுதுவோன் அடுத்த முறை எழுதும்போது பழைய பெயரிற் புதிய கோப்புத் தானே தோன்றும். இவ்வாறு ஒருவர் கையிலுள்ள ஏட்டில் மற்றவர் கைவைப்பது தவிர்க்கப்படுகின்றது. பெயர் மாறும் கணத்தில் எழுதுவோன் கோப்பைத் திறந்துவைத்திருந்தால் அவனுடைய வரி தவறான ஏட்டிற் சேரலாமாதலின், அவனும் எழுதுமுன் ஒரு சிறு பூட்டைப் பெறுதல் நன்று. அனுப்பும்போது வைத்திருக்கும் நீண்ட பூட்டும் இச்சிறு பூட்டும் வெவ்வேறாயிருத்தல் வேண்டும். இன்றேல் அனுப்புதல் முடியும்வரை எழுதுதல் காத்துக் கிடக்கும்.

அனுப்புமுன் ஒவ்வொரு வரியும் மூன்றுறுப்பும் உடையதா எனப் பார்த்தல் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் கடைசி வரி பாதியில் அறுந்திருக்கக்கூடும். அத்தகைய வரியைத் தனியே ஒதுக்கிவைத்து, எஞ்சியவற்றை ஐந்நூறு வரி கொண்ட கட்டுகளாக அனுப்பலாம்.

இப்போதே முறையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். அனுப்பினேன் என்பதும் சேர்ந்தது என்பதும் வெவ்வேறு. கிறபைற் என்னும் கண்காணிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கிறிஸ் டேவிஸ் என்பார் 2006 இல் ஓர்பிற்ஸ் என்னும் நிறுவனத்தில் ஆக்கத் தொடங்கியது அது. 2008 இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு அளவைகளை 2003 ஆம் இலக்க வாயிலில் வரிவரியாக ஊற்றிவிடலாம். மிக எளிது, எனினும் அவ்வழியில் வரியை ஏற்றேன் என்று நிலையம் மறுமொழி கூறுவதில்லை. நம் கணினி வரியை வலையமைப்பின் வாயில் இட்டதும் கட்டளை வெற்றி எனக் கூறிவிடும். வரி நடுவழியில் அழிந்ததா என்பது தெரியாது. கடிதத்தைத் தபாற்பெட்டியில் இட்டமைக்கும், பதிவுத் தபாலிற் பெற்றவர் ஒப்பமிட்ட அட்டை திரும்பி வந்தமைக்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவே, மறுமொழி கூறும் நிலையத்தைத் தெரிதல் வேண்டும். இன்புளக்ஸ் முதலிய நிலையங்கள் இணையப் பக்கங்கள் செல்லும் அதே நெறிமுறையில் அளவைகளை வாங்கி, எழுதிய பின்னர் 204 என்னும் எண்ணை மறுமொழியாக விடுக்கின்றன. வரியின் அமைப்பு நிலையத்துக்கு நிலையம் சிறிது வேறுபடும், விதி வேறுபடாது.

மறுமொழியை மூவகையாகப் பிரித்து அறியலாம். ஏற்றேன் என வரின் அக்கட்டை அழிக்கலாம். மறுமொழியே வராவிடினும், நிலையம் தன் குறையாலே இயலவில்லை எனக் கூறினும், கட்டை வைத்திருந்து பின்னர் முயலவேண்டும். உன் வரியே பிழை என நிலையம் கூறுமாயின், மீள மீள அனுப்புவதாற் பயனில்லை. அவ்வொரு கட்டு வரிசையின் முன்னே நின்று பின்னால் வரும் அனைத்தையும் மறித்துவிடும். அதனை வேறோர் அடைவுக்கு மாற்றி, மனிதர் பார்த்து ஆவன செய்ய விடுதல் முறை. மறுமொழிக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும், முப்பது செக்கன் போல, ஓரெல்லை வகுத்தல் வேண்டும். இன்றேல் அனுப்புவோன் முடிவின்றிக் காத்து நிற்பான்.

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஓர் ஐயம் எழுப்புவர். நிலையம் கட்டை ஏற்று எழுதிய பின்னர், மறுமொழி வரும் வழியிலே வழி அறுந்தால் என்ன ஆகும்? அனுப்புவோன் மீண்டும் அனுப்புவான். ஒரே அளவை இருமுறை சேரும். இதனை முற்றாகத் தவிர்க்க வழியில்லை, தீங்கற்றதாக்க வழியுண்டு. ஒரே பெயரும் ஒரே நேரமுத்திரையும் உடைய வரி மீண்டும் வந்தால், முன்னதன் மேலேயே பின்னதனை எழுதும் நிலையமாயின், இருமுறை வந்ததும் ஒருமுறை வந்ததும் ஒன்றே. வெப்பம் 38 என இருமுறை கூறுவதால் வெப்பம் 76 ஆகாது. ஆயின், ஒன்று கூட்டுக என்னும் செய்தியை இருமுறை அனுப்பினால் இரண்டு கூடிவிடும். எனவே கூட்டற் செய்தியை விடுத்து மானியின் வாசிப்பையே அனுப்புதல் வேண்டும். வீட்டு மின்மானியை நோக்குக. ஒரு மாதம் வாசிக்கத் தவறினும் அடுத்த மாத வாசிப்பு மொத்தத்தைக் காட்டிவிடும். ஒரே நாளில் இருவர் வாசிப்பினும் கணக்குப் பிழையாது.

மீள முயலுதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மின்சாரம் மீண்ட கணத்தில் நூற்றுக்கணக்கான வழங்கிகள் ஒருங்கே தம் கட்டுகளைக் கொட்டினால் நிலையம் திணறி வீழ்ந்துவிடும். சங்கக்கடைக் கதவு திறந்ததும் யாவரும் ஒருங்கே நெருக்குவது போன்றது அது. ஆகவே முதன்முயற்சி தவறின் 1 நிமிடம், பின் 2, பின் 4, பின் 8 என இடைவெளியை இரட்டித்துச் சென்று, கால் மணித்தியாலம் போன்ற ஓரெல்லையில் நிறுத்துவர். அதனோடு, ஒவ்வொரு வழங்கியும் சில செக்கன்களைக் குருட்டாம்போக்கிற் கூட்டிக்கொண்டால் எல்லாம் ஒரே கணத்தில் வந்து மோதுதல் குறையும்.

எவ்வளவு சேமிக்கலாம் என்பதும் கணக்கிடத்தக்கதே. பத்து அளவைகளை நிமிடத்துக்கொருமுறை எழுதினால் நாளொன்றுக்கு 14,400 வரி. வரிக்கு 40 பைற்று எனக் கொள்ளின் 576,000 பைற்று. சேமிப்புக்கு 5 கோடி பைற்று ஒதுக்கினால் ஏறத்தாழ 86 நாள் தாங்கும். எல்லையே வகுக்காது விட்டால், நீண்டநாள் வழி அறுந்திருக்கும்போது சேமிப்பு வன்தட்டை நிரப்பி வழங்கியையே வீழ்த்தும். காவலனே வீட்டைக் கெடுத்தவனாவான். எல்லை எட்டியபோது மிகப் பழைய வரிகளைக் கைவிடலாம். அல்லது பழையவற்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஐதாக்கி வைக்கலாம். எதனைச் செய்யினும், எத்தனை வரிகள் கைவிடப்பட்டன என்பதும் ஓர் அளவையாக எழுதி அனுப்பப்படுதல் வேண்டும். இழந்தோம் என்று கூறும் ஏடு நம்பத்தக்கது. இழப்பை மறைக்கும் ஏட்டில் எஞ்சியதனையும் நம்புதல் அரிது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். றாஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் பலவற்றில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் மீண்டு எழுந்தபின், வலையமைப்பின் வழியே நேரத்தைக் கேட்டறியும்வரை அவற்றின் நேரம் பிழையாகவே இருக்கும். மின்வெட்டின்போது வலையமைப்பும் இல்லையாதலின், பிழையான முத்திரையோடு வரிகள் எழுதப்பட்டு, பின்னர் உண்மை வரிகளோடு கலந்துவிடும். நேரம் சரிப்பட்டதா என எழுதுவோன் முதலில் உசாவுதல் வேண்டும். அன்றேல் மின்கலக் கடிகாரமொன்றைப் பொருத்துதல் வேண்டும். அதற்காகும் செலவு சிறிது. காக்கும் பொருள் பெரிது.

கண்காணிப்பு நிலையத்துக்கும் கடமை உண்டு. ஐந்து நிமிடமாக ஒரு வழங்கியிடமிருந்து செய்தி வாராதாயின், அம்மௌனத்தையே எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். எல்லை கடந்த செய்தி வரவில்லையாதலால் யாவும் நலம் என இருத்தலாகாது. பின்னர்ப் பழைய வரிகள் வந்து குவியும்போது, அவற்றின் நேரத்தை நோக்காது நள்ளிரவில் எவரையும் எழுப்பிவிடவும் கூடாது. பழைய வரிகள் வரலாற்றுக்குரியன. புதிய வரிகள் எச்சரிக்கைக்குரியன. சேமிப்பிலுள்ள மிகப் பழைய வரிக்கு எத்தனை நிமிட வயது என்பதனையும் ஒவ்வொரு கட்டோடும் அனுப்பினால், வரைபைப் பார்ப்பவர் தாம் காண்பது முழுமையானதா, இன்னும் வரவேண்டியது உண்டா என்பதனை அறிவர்.

இப்பணியைச் செய்தற்கென ஆயத்த மென்பொருள்கள் உள்ளனவே, கட்டளைத்தொடர் எதற்கு எனக் கேட்கலாம். உள்ளன, பெரிய நிறுவனங்களுக்கு அவையே தகும். ஆயின் அவற்றையும் உள்ளே நோக்காது நம்புதல் முறையன்று. பலரும் பயன்படுத்தும் ரெலிகிறாவ் என்னும் மென்பொருள், இயல்பு நிலையில் 10,000 அளவைகளை நினைவகத்தில் வைத்திருக்கும். அதற்கு மேற்படின் பழையன கைவிடப்படும். மின்சாரம் நின்றால் நினைவகத்திலிருந்த யாவும் போய்விடும். வேறுவகையாக அமைத்தல் இயலும். ஆயின் அவ்வாறு அமைக்கவேண்டும் என்பது, எழுதுதல், அனுப்புதல், மறுமொழி பெறுதல் என்னும் மூன்றையும் ஒருமுறையேனும் தன் கையாற் செய்து பார்த்தவனுக்கே தோன்றும். இலக்கணம் கற்றவன் பிறர் எழுதிய வாக்கியத்தின் பிழையைக் காண்பது போன்றது அது.

கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்க்கு ஒரு சோதனையைக் கூறி அமைவோம். கட்டளைத்தொடரை எழுதி, ஒரு நாள் ஓடவிட்டபின், வலையமைப்புக் கம்பியை ஒரு மணித்தியாலம் கழற்றி வைக்க. மீண்டும் பொருத்தியபின் நிலையத்தில் எண்ணிப் பார்க்க. பத்து அளவைகளாயின், அம்மணித்தியாலத்துக்குரிய 600 வரிகளும் தத்தம் நேரத்தில் நிற்றல் வேண்டும். அடுத்த நாள், கம்பி கழன்றிருக்கும்போதே மின்சாரத்தையும் நிறுத்தி, மீளத் தொடங்கிப் பார்க்க. கணினி ஓடிய நிமிடங்கள் யாவும் வரைபில் இருத்தல் வேண்டும். அணைந்திருந்த நிமிடங்கள் வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும். அங்கே ஒரு பூச்சியமும் நிற்றலாகாது. இவ்விரு சோதனையும் தேறாத அமைப்பு, நல்ல நாளில் மட்டும் பேசும் சாட்சியாகும். தேறியதோ, இருளிலும் தான் கண்டதனைக் கண்டவாறே எழுதிவைத்து, வழி திறந்தபோது வந்து கூறும். நம் கணினிகளை அத்தகைய சாட்சிகளாக்குதல் நூறு வரி எழுத வல்ல மாணவன் எவனுக்கும் இயல்வதே.